பேரன் பெயர் பேரனுக்கு: ஈழத்தமிழர் பெயர்களும் பதிவேடுகளும்

கடல் கடந்து வாழும் வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் வினாக்களுள் ஒன்று, "எங்கள் குடும்பப் பெயர் எது?" என்பது. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும்போது, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, வங்கியிற் கணக்குத் திறக்கும்போது விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் அவர்களை நிறுத்திவிடுகிறது. அந்தக் கட்டத்தில் எதையாவது எழுதியே ஆகவேண்டும். தகப்பனார் பெயரை எழுதுகிறார்கள். சிலர் தம் சொந்தப் பெயரை எழுதுகிறார்கள். பின்னர் அதுவே வழிவழியாக நிலைத்துவிடுகிறது.

சுருக்கமான விடை, நமக்குக் குடும்பப் பெயர் இருந்ததில்லை என்பதே. நமக்கு இருந்தது தந்தை பெயர். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆனால் இந்தச் சுருக்கமான விடைக்குப் பின்னால் நானூறு ஆண்டுக் கதையொன்று கிடக்கிறது. பெயரைச் சூட்டியவர்கள் பெற்றோர். அதைப் பதிந்தவர்கள் வேறு யாரோ. அந்த இரண்டுக்கும் இடையில் நடந்தவையே இக்கட்டுரையின் பொருள்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மானிப்பாயைச் சேர்ந்தவர் பொன்னம்பல முதலியார். அவருடைய தந்தை அருணாசலம். ஆகவே அவர் அருணாசலம் பொன்னம்பலம். அவருடைய மைந்தர் மூவரும் பொன்னம்பலம் குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் எனப்பட்டனர். மூன்றாமவரான சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் (1853-1924) மகன், அரசாங்க சபையில் உள்நாட்டு அமைச்சராக விளங்கிய சேர் அருணாசலம் மகாதேவா. இதுவரை தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக ஒழுங்கு பிசகாமல் வருகிறது. மகாதேவாவின் மகனோ பாலகுமார மகாதேவா. சிவில் சேவையில் உயர்பதவி வகித்தவர். தந்தை பெயர் பின்னுக்குப் போய்விட்டது! நாலாந் தலைமுறையில் ஆங்கில ஒழுங்கு வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொண்டது.

இக்குடும்பத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டனார் அருணாசலம், பெயரனும் அருணாசலம். இது தற்செயலன்று. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவது தமிழர் வழக்கு. 'பெயரன்' என்ற சொல்லே அதிலிருந்து பிறந்ததுதான். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன், பேச்சில் பேரன். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் இச்சொல் ஒருபடி மேலே போய்விட்டது. அங்கே பாட்டனும் பேரன்தான், மகனின் மகனும் பேரன்தான். பெயரைக் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒரே சொல். தமிழகத்து நண்பர்கள் இதைக் கேட்டுக் குழம்புவதுண்டு.

பொன்னம்பல முதலியாரின் மனைவி செல்லாச்சியின் சகோதரர் சேர் முத்துக்குமாரசுவாமி. முத்து என்பது அவர் பெயர். குமாரசுவாமி என்பது அவருடைய தந்தை பெயர். இங்கிலாந்தில் சட்டம் படித்து, ஆங்கிலப் பெண்மணியை மணந்தவர். அவர்களுக்கு 1877இல் கொழும்பிற் பிறந்த ஒரே மகன், கலைத்துறையில் உலகப்புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி. தமிழ் முறைப்படி பார்த்தால் அவர் முத்து ஆனந்தர் என்றாவது வந்திருக்கவேண்டும். ஆனால் ஆங்கில முறையிற் 'குமாரசுவாமி' என்ற பாட்டன் பெயர் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இன்றைக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பல்லாயிரம் வீடுகளில் நடப்பதை 1877இலேயே ஒரு வீட்டில் காண்கிறோம்.

தந்தை பெயரோடு தன் பெயரைச் சேர்க்கும் இம்முறை எவ்வளவு பழையது? இலங்கையின் குகைகளிற் பொறிக்கப்பட்ட பிராமிக் கல்வெட்டுகளைப் பார்த்தால் 'பருமக இன்னாரின் புத இன்னார்' என்ற வாய்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. 'புத' என்றால் மகன். ஆக, இத்தீவில் எழுத்து வந்த காலத்திலேயே ஒருவனை இன்னான் மகன் இன்னான் என்று குறிப்பது வழக்கமாயிருந்தது. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளக் கல்வெட்டு ஒரு தமிழ் வணிகனைக் குறிக்கிறது; 'தமேட வணிஜ கஹபதி விசாக' என்று. அநுராதபுரத்தில் தமிழ் இல்லத்தார் கட்டிய மண்டபத்துக் கல்லில் ஆசனங்களுக்கு உரியவர்களின் பெயர்கள் உள்ளன. குபிர, சுஜாத, கராவ என்பன அவற்றுட் சில. கராவ என்பவன் நாவிகன், அதாவது கப்பலோட்டி. 'தமேட' என்ற சொல்லை மட்டும் கல்வெட்டு விட்டிருந்தால் விசாகனையும் சுஜாதனையும் தமிழர் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பெயரை வைத்து இனத்தை அளக்கும் பழக்கம் எவ்வளவு வழுக்கலானது என்பதை அந்தக் கல் அப்போதே சொல்லி வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ். பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த முத்திரையில் இருப்பதும் ஒரு பெயரே. அறிஞர்கள் அதைக் 'கோவேத' என வாசித்தனர்.

அங்கிருந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளைத் தாண்டிப் போர்த்துக்கேயரிடம் வருவோம். பெயர் விடயத்தில் பெரிய உடைப்பு அவர்களோடுதான் வந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றனர். 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவரானோர் ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். ஞானஸ்நானத்தின்போது பெற்ற பெயர்கள் பெர்னாண்டோ, குரூஸ், மிறாண்டா, பெரேரா, சில்வா, மெண்டிஸ், டயஸ் என்பன போன்றவை. ஞானத்தகப்பனின் பெயரோ, திருமுழுக்குக் கொடுத்தவர் விரும்பிய பெயரோ புதுக் கிறிஸ்தவனுக்கு வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில் ஒரு பெர்னாண்டோ, நீர்கொழும்பில் ஒரு பெர்னாண்டோ, மொறட்டுவையில் ஒரு பெர்னாண்டோ. முதலாமவர் தமிழர், மூன்றாமவர் சிங்களவர். நடுவில் நிற்கும் நீர்கொழும்புக்காரரின் பாட்டனார் வீட்டிற் தமிழ் பேசியிருக்கலாம். அவரோ சிங்களம் பேசுகிறார். நீர்கொழும்பிலிருந்து சிலாபம், புத்தளம் வரையிலான கரையோரத்தில் கோவிலும் பள்ளிக்கூடமுமாகச் சேர்ந்து மொழியை மாற்றியபோதும் பெயர் மட்டும் அப்படியே நின்றது.

இந்தப் பெயர்களுக்குப் பொருள் என்ன? பெரேரா என்றால் பேரி மரம். சில்வா என்றால் காடு. பொன்சேகா என்பது வற்றிய ஊற்று. ஆனால் பொருளிற் சிறப்பானவை வேறு சில. மெண்டிஸ் என்றால் மெண்டோவின் மகன். டயஸ் என்றால் தியாகோவின் மகன். பீரிஸ் என்றால் பெதுருவின் மகன். ரொட்றிகஸ் என்றால் ரொட்றிகோவின் மகன். அதாவது போர்த்துக்கல்லிலும் ஒரு காலத்தில் இருந்தது நம்முடைய முறைதான்! இன்னானின் மகன் இன்னான். நடுக்காலத்தில் அது உறைந்து, மெண்டோ செத்து நூறாண்டு கழித்தும் அவன் சந்ததியெல்லாம் 'மெண்டோவின் மகன்' ஆயினர். அந்த உறைந்த பெயர்தான் கப்பலேறி வந்து, மெண்டோ யாரென்றே அறியாத நம் கரையோர மக்களுக்கு ஒட்டிக்கொண்டது.

தமிழ்க் கத்தோலிக்கர் எல்லோரும் இவ்வாறு பெயர் இழக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிற்காலக் குருமார் புனிதர் பெயர்களைத் தமிழாக்கித் தந்தனர். அவற்றைப் போல் அழகானவை வேறில்லை என்பது என் எண்ணம். பவுல் என்ற பெயருக்கு இலத்தீனிற் 'சிறியவர்' என்று பொருள். அவர் சின்னப்பர் ஆனார். யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு 'இறைவன் அருளுடையோன்' என்று பொருள். அவர் அருளப்பர் ஆனார். பெனடிக்ற் ஆசீர்வாதம் ஆனார். போர்த்துக்கேயரின் ஜோசே நம் நாவிற் சூசையானார், சூசைப்பிள்ளையும் பிறந்தார். சவேரியார் சவிரிமுத்துவையும், செபஸ்தியார் பஸ்தியாம்பிள்ளையையும், சந்தியாகோ சந்தியாப்பிள்ளையையும் தந்தனர். செபமாலை என்று பெயருள்ள ஒருவரைத் தீவுப்பகுதியிலோ மன்னாரிலோ சந்திக்கும்போது, அந்நியப் பெயரென்ற எண்ணமே எழுவதில்லை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்கள் எழுதுவதில் வல்லவர்கள். காணித் தோம்பு, தலைத் தோம்பு, பள்ளித் தோம்பு என்று எல்லாவற்றையும் பதிந்தனர். புரட்டஸ்தாந்து ஞானஸ்நானம் இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. விவாகம் பதியவும், பிள்ளைகள் சட்டப்படி உரித்தாளிகள் ஆகவும் கோவிற் பதிவு வேண்டும். ஆதலால் நம்மவர்கள் இரண்டு பெயர்களோடு வாழப் பழகினர். உத்தியோகத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று.

இதற்கு மறுக்கமுடியாத சான்று தேசவழமைச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. 1707இல் அது தொகுக்கப்பட்டபோது சரியென்று ஒப்பமிட்டவர்கள் யாழ்ப்பாணத்து முதலிமார் பன்னிருவர். அவர்களுடைய பெயர்களில் முன்னால் 'தொன்' என்ற போர்த்துக்கேயப் பட்டம், அதற்குப்பின் பிலிப்பு, பிரான்சிஸ்கு, அந்தோனி என்றவாறு ஞானஸ்நானப் பெயர், அதற்கும்பின் தமிழ்ப் பெயர். ஒல்லாந்தர் போனதும் 'தொன்' போயிற்று. தெற்கிலே தொன் நிலைத்தது, டீ.எஸ். சேனாநாயக்காவின் முதலெழுத்து தொன்தான், அநகாரிக தர்மபாலாவும் தொன் டேவிட் ஆகப் பிறந்தவரே. யாழ்ப்பாணத்திலோ முதலிமாரின் சந்ததியார் திருநீற்றைப் பூசிக்கொண்டு பழைய பெயர்களுக்குத் திரும்பிவிட்டனர். தோம்பிற் பிலிப்பாகவும் வீட்டில் வேலாயுதராகவும் நூற்றைம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களை எண்ணி வியப்பதா, சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்தச் சட்டத்தைத் தொகுத்த ஒல்லாந்த அதிகாரியின் பெயரைச் சட்டத்தரணிகள் எல்லோரும் அறிவர்: கிளாஸ் ஐசாக்ஸ். முப்பத்தேழு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர். அந்தப் பெயரின் பொருளை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? ஐசாக்ஸ் என்பது 'ஐசாக்கின் மகன்' என்பதன் சுருக்கம். கிளாஸ், ஐசாக்கின் மகன். அவ்வளவுதான். அவருக்கும் நம்மைப் போலவே தந்தை பெயர்தான் அடையாளம். ஒல்லாந்திலும் சாதாரண மக்கள் பலர் அப்போது அப்படியே வாழ்ந்தனர். 1811இல் நெப்போலியனின் கட்டளையோடுதான் அந்நாட்டிற் குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. நமது பறங்கியர் சமூகத்தில் வழங்கும் ஜான்ஸ் என்ற பெயரும் 'யானின் மகன்' என்பதன் உறைந்த வடிவமே. டென்மார்க்கில் 1828இல் அரச ஆணை வந்தது. நம்மவர்கள் இன்று பெருந்தொகையாய் வாழும் நோர்வேயிற் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய சட்டம் 1923இல் வந்தது. ஐஸ்லாந்துக்காரர் மட்டும் இன்றுவரை பெரும்பாலும் தந்தை பெயரையே கொண்டிருக்கின்றனர். ஆகவே, குடும்பப் பெயர் இல்லாமை நம் பின்தங்கிய நிலைக்கு அறிகுறி என்று யாரும் வெட்கப்படவேண்டியதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு குறித்த நாளில், ஒரு கந்தோரில், பேனா பிடித்த ஒருவர் தந்தை பெயரை உறையச் செய்திருக்கிறார்.

ஆங்கிலேயர் காலத்தில் அமெரிக்க மிசன் வந்தது. 1823இற் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த மாணாக்கரின் செலவை அமெரிக்காவிலிருந்த புண்ணியவான்கள் ஏற்றனர். செலவை ஏற்றவர் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டலாம். இப்படித்தான் ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, ஏவாட்ஸ் கனகசபைப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்ற இரட்டைப் பெயர்கள் பிறந்தன. தமிழ்ப் புலவர் வரலாற்றைப் 'பாவலர் சரித்திர தீபகம்' என 1886இல் வெளியிட்டவர் ஆர்ணல்ட். அந்த ஆர்ணல்ட் யார் என்று கேட்டால் சதாசிவம்பிள்ளைக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. சி.வை. என்றால் சிறுப்பிட்டி வைரவநாதர் என்று விரிப்பார்கள்; ஊர் ஒன்று, தந்தை ஒன்று. அழிந்துகொண்டிருந்த தமிழ் ஏடுகளை அச்சிற் காத்த அப்பெருமகனின் புதல்வர் அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பரி எனக் கிறிஸ்தவ போதகராய் வாழ்ந்தார். எதிர்த்திசையிலும் பயணங்கள் நடந்தன. சேவியர் ஸ்ரனிஸ்லாஸ் ஆகப் பிறந்தவரைத் தமிழுலகம் தனிநாயகம் அடிகளாகவே அறியும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் படித்தவர், உத்தியோகத்தர், முதலிமார் ஆகியோர் கதை. பெயர் வரலாற்றின் கசப்பான பகுதி இனித்தான் வருகிறது. அதைச் சொல்லாமல் பெயர்களின் அழகைப் பற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

முருகனின் பெயர்களுள் ஒன்று கந்தன். யாழ்ப்பாணத்தில் இந்த ஒரு பெயர் எத்தனை படிகளைக் கொண்ட ஏணியாயிற்று என்று பாருங்கள்: கந்தன், கந்தர், கந்தப்பு, கந்தையா, கந்தப்பிள்ளை, கந்தசாமி. பொருள் ஒன்றுதான். ஆனால் யார் எந்தப் படியில் நிற்கலாம் என்பதைச் சாதி விதித்தது. 'ன்' விகுதி ஒடுக்கப்பட்டவனுக்கு. 'ர்' விகுதியும் 'பிள்ளை'யும் 'ஐயா'வும் மேலே இருந்தவருக்கு. வேலன் ஒருவன், வேலுப்பிள்ளை இன்னொருவர். நாகன் ஒருவன், நாகலிங்கம் இன்னொருவர். பெண்களிலும் அப்படியே, ஒருத்தி வள்ளி, மற்றவர் வள்ளியம்மை. பெயரைச் சொன்னாலே போதும், சாதியைத் தனியாகக் கேட்கவேண்டியதில்லை. கடவுளின் சொந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டவன் தாழ்ந்தவன், அதற்கு வால் வைத்துக்கொண்டவர் உயர்ந்தவர் என்ற இந்த விந்தையை எந்த ஆகமத்தில் தேடுவது?

அடிமை முறை 1844இற் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் பெயரை எழுதும் கை மாறவில்லை. 1867இற் பிறப்பு, இறப்புப் பதிவு நாடெங்கும் ஒழுங்காகத் தொடங்கியபோது கிராமத்திற் பேனாவைப் பிடித்திருந்தவர்கள் விதானையாரும் பதிவுகாரரும். பள்ளிக்கூட இடாப்பை வைத்திருந்தவர் சட்டம்பியார். அனைவரும் பெரும்பாலும் ஒரே சாதியார். தகப்பன் தன் பிள்ளைக்குக் 'கந்தசாமி' என்று சொல்வான். எழுதுபவர் 'கந்தன்' என்று எழுதுவார். "உனக்கென்ன சாமியும் பிள்ளையும்?" என்ற கேள்வி வேறு. எழுத்தறியாத தகப்பன் என்ன செய்வான்? பிள்ளை பத்து வயதிற் பள்ளியில் வாசிக்கக் கற்றுத் தன் பிறப்புப் பத்திரத்தைப் பார்க்கும்போதே தெரியவரும், வீட்டில் அழைக்கும் பெயர் வேறு, அரசாங்கத்தில் இருக்கும் பெயர் வேறு என்று. ஒல்லாந்தர் காலத்து முதலியாருக்கு இரண்டு பெயர் இருந்தது வசதிக்காக. இந்தப் பிள்ளைக்கு இரண்டு பெயர் இருந்தது அவமதிப்பினால்.

இருபதாம் நூற்றாண்டில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்கும் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் போராடியதை வரலாறு பதிந்திருக்கிறது. பெயருக்காக நடந்த போராட்டம் வீட்டுக்கு வீடு நடந்ததால் எந்தப் பத்திரிகையிலும் தலைப்புச் செய்தியாகவில்லை. பத்திரிகைக்காரன் என்ற முறையில் இந்தக் குறை எங்களுடையது. அந்த வீடுகளில் எப்படி வென்றார்கள்? சிலர் கிறிஸ்தவராகிப் புதுப்பெயர் பெற்றனர். சிலர் பிள்ளைகளுக்குச் சாதி விகுதி ஒட்டவே முடியாத பெயர்களை வைத்தனர். 1950களுக்குப் பின் இரவீந்திரன், மகேந்திரன், யோகேஸ்வரன் என்று 'ன்' முடிவு எல்லாச் சாதியினருக்கும் பொதுவாகப் பரவியபோது, பழைய ஏணி தானாகவே சரிந்தது. பெயரைக் கேட்டுச் சாதியறிய முடியாத தலைமுறை உருவாயிற்று; உடனே "எந்த ஊர், யாருடைய பகுதி?" என்று கேட்கத் தொடங்கினர் என்பது வேறு விடயம்.

மட்டக்களப்பில் நிலைமை சற்று வேறு. அங்கே குடி என்ற அமைப்பு தாய்வழியாக வருகிறது; பிள்ளை தாயின் குடியைச் சேரும். அதைப் பெயரோடு ஒட்டி எழுதும் வழக்கமில்லை. பெயரிலுள்ள முன்னெழுத்து தந்தையைக் காட்டும். கோவிற் சடங்கில் தாய்வழியே பேசும்.

மலையகத்திலோ ஓர் எழுத்துப் பிழை ஒரு குடும்பத்தின் நாட்டையே பறித்தது. தோட்டத்து லயத்திற் பிறந்த பிள்ளையின் பெயரைக் கங்காணி சொல்ல, கணக்கப்பிள்ளை செக்றோலில் எழுத, துரை அதை ஆங்கிலத்தில் தன் காதுக்கு எட்டியவாறு எழுதினார். முத்துசாமி ஒரு பதிவில் முத்தன், இன்னொன்றில் முத்துச்சாமி, மூன்றாவதில் வெறும் முத்து. யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரும்வரை. அச்சட்டப்படி வமிசாவளிப் பிரசையாவதற்குத் தகப்பன் இலங்கையிற் பிறந்தவன் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தனர் என்றோ நிரூபிக்கவேண்டும். தகப்பன் பெயர் பத்திரத்துக்குப் பத்திரம் மாறியிருந்தால் இவன் அவன் மகன்தான் என்று எப்படி நிரூபிப்பது? 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர். ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர். அற்பமான முரண்பாடுகளைக் காட்டி விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. நாடற்றவர் என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. சூட்டியவர் பெயரொன்று, எழுதியவர் பெயரொன்று என்பதன் விலை யாழ்ப்பாணத்தில் மானம் என்றால், மலையகத்தில் அது மண்.

பின்னர் வந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1958இலும் 1977இலும் 1983இலும் வீதியில் மறித்துப் பெயரைக் கேட்டே ஆளைப் பிரித்தனர். அடுத்து வந்த தசாப்தங்களில் இயற்பெயர், இயக்கப் பெயர் என இரண்டு பெயர்கள் தோன்றின. பெற்ற தாய்க்குத் தன் மகனின் இரண்டாவது பெயர் தெரியாது, அவனோடு நின்றவர்களுக்கு முதலாவது தெரியாது. 2009க்குப் பின் காணாமலாக்கப்பட்டோரைத் தேடும் தாய்மார், ஆணைக்குழுவுக்குப் பின் ஆணைக்குழுவாக அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். அங்கே சிங்களத்தில் ஒருவர் எழுதுகிறார், ஆங்கிலத்தில் ஒருவர் எழுதுகிறார். ஞானசேகரன் என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எழுதிப் பாருங்கள். பட்டியலோடு பட்டியலை ஒப்பிடும்போது ஒரே ஆள் நால்வராவதும், நால்வர் ஒருவராவதும் இப்படித்தான்.

இனிக் கடல் கடந்தோரின் கேள்விக்கு வருவோம். கந்தசாமி என்ற ஒருவருக்கு இரண்டு ஆண்மக்கள் என்று வைத்துக்கொள்வோம், சிவகுமார், செல்வகுமார். ஊரில் இருவரும் 'க.' என்ற முன்னெழுத்தோடு அண்ணன் தம்பியாய் விளங்கினர். சிவகுமார் கனடாவுக்குப் போனார். படிவத்திற் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை எழுதினார். அவர் பிள்ளைகள் எல்லாம் கந்தசாமிகள். செல்வகுமார் நோர்வேக்குப் போனார். தன் பெயரையே குடும்பப் பெயராய்ப் பதிந்தார். அவர் பிள்ளைகள் செல்வகுமார்கள். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் இரண்டு 'குடும்பங்கள்' ஆகிவிட்டனர். கனடாவில் சிவகுமாரின் மனைவியைத் 'திருமதி கந்தசாமி' என்று வங்கியில் அழைக்கிறார்கள். அது அவருடைய மாமனாரின் பெயர். ஊரில் இருந்திருந்தால் மாமனார் பெயரை வாயாற் சொல்லவே கூசியிருப்பார்.

ஆயினும் இதில் ஒரு வேடிக்கை உண்டு. கனடாவிற் பிறந்த பிள்ளை தாங்கும் பெயர் பாட்டனின் பெயர். பேரன் பெயர் பேரனுக்கு! வேண்டாத ஒரு படிவம் பழைய வழக்கத்தைத் தானறியாமற் காப்பாற்றிவிட்டது. ஆனால் ஒரு தலைமுறைக்கு மட்டும். அந்தப் பிள்ளையின் பிள்ளையும் கந்தசாமியாகவே இருக்கும்; சிவகுமாரின் பெயர் எங்கும் இராது. மெண்டோவின் மகன் மெண்டிஸ் ஆனபின் மெண்டிஸின் மகனும் மெண்டிஸ்தான். இதற்கு நம் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு: ஜீ.ஜீ. பொன்னம்பலம், அவர் மகன் குமார் பொன்னம்பலம், அவர் மகன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம்.

பத்திரிகைக் கந்தோரில் மரண அறிவித்தல்களை ஒப்புநோக்கிய நாட்களிலிருந்தே நான் இம்மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். முன்பு ஓர் அறிவித்தலில் பத்துப் பெயர் வந்தால் முன்னெழுத்துகளைக் கொண்டே யார் யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடலாம். இப்போது ஐந்து நாடுகளின் பெயரமைப்பு ஒரே அறிவித்தலில் வருகிறது. ஆனாலும் இன்று மூன்று, நான்கு தலைமுறைகள் ஒரே தாளில் ஒழுங்காக நிற்பது அங்கே மட்டுந்தான்: "காலஞ்சென்ற தம்பையா, சின்னம்மா தம்பதியரின் அன்பு மகனும்..." என்று தொடங்கும் அந்தப் பழைய வாய்பாட்டில். குகைக் கல்வெட்டின் 'புத' அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது.

இலங்கைப் பிறப்புப் பத்திரத்திற் பேரனின் பெயருக்கென ஒரு கூடு உண்டு. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைகளின் பத்திரங்கள் பெரும்பாலானவற்றில் அதற்கு இடமில்லை. ஆதலால் ஊரிலுள்ள காணியை எழுதவோ விற்கவோ வருகின்றவர்கள் நொத்தாரிசுக்கு முன்னால் சிரமப்படுகிறார்கள். உறுதியிற் கந்தசாமி சிவகுமார்; கனடியக் கடவுச்சீட்டிற் சிவகுமார் கந்தசாமி; மகளின் பத்திரத்தில் தந்தை பெயர் கந்தசாமி என்று மட்டும். இவர்கள் மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. உறுதி எழுதுபவர்கள் இதற்காகவே 'என அழைக்கப்படும்' என்ற சொற்றொடரை வைத்திருக்கிறார்கள். பழைய உறுதிகளிற் கந்தன் என அழைக்கப்படும் கந்தசாமிக்காக அதை எழுதினார்கள், இப்போது கனடாக்காரருக்காக எழுதுகிறார்கள்.